ஒருசந்தியும் ஓடுதளமும்

"தூங்குனியா?"

"தூங்கினேன் சார்."

"மாத்திரை, மருந்து எதனா போட்டியா?"

"இல்ல சார்."

"சாப்டியா?"

"சாப்பிட்டேன் சார்."

மூன்றாவது பதில் பொய். முந்தின நாள் பொழுது சாய்ந்தபோது தின்ற சோறுதான். அதற்குப் பிறகு வெறும் தண்ணீர்.

இறக்கைக்குக் கீழே நின்றிருந்தோம். வெயில் இன்னும் ஏறவில்லை. புல்லில் பனி இருந்தது. என் பூட்ஸ் முனை நனைந்திருந்தது. சிறிய கண்ணாடிக் குழாயில் எரிபொருளைப் பிடித்து, அதில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாசனை காலி வயிற்றில் போய் உட்கார்ந்தது. விமானத்தின் வயிற்றை அத்தனை கவனமாகச் சோதித்தேன்.

கேள்வி கேட்டவர் எங்கள் பயிற்சியாளர் சலீம் சார். விழுப்புரத்துக்காரர். எங்களைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். தினமும் கண்டமங்கலம் வழியாக பைக்கில் வருவார். அங்கே ரயில்வே கேட் மூடியிருந்தால் அன்று முழுக்க அந்த கேட்டைத் திட்டிக்கொண்டிருப்பார். ஆனால் எவ்வளவு தாமதமாக வந்தாலும் அந்த மூன்று கேள்விகளைக் கேட்காமல் யாரையும் விமானத்தில் ஏற்ற மாட்டார்.

"வண்டிய செக் பண்ண இருபது நிமிஷம் எடுத்துக்கறோம். ஓட்டுற ஆள செக் பண்ண மூணு கேள்வி கேக்கலன்னா அப்பறம் பேஜாரு" என்பார்.

புதுச்சேரிப் பக்கம் அப்போது இருந்த சிறிய விமானப் பயிற்சிப் பள்ளி அது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். அப்பா பெருமுக்கல் பக்கத்துக் குவாரியில் கல் உடைத்தவர். அம்மா மல்லாட்டைக் காட்டில், அதாவது நிலக்கடலைக் காட்டில், களை எடுத்தவள். அந்த வீட்டுப் பெண் விமானப் பள்ளியில் எப்படிச் சேர்ந்தாள் என்பதை இந்தத் தொடரின் முந்தைய வாரங்களில் விலாவாரியாக எழுதிவிட்டேன். பெருமையாகத்தான் எழுதினேன். இந்த வாரம் எழுதப் போவதில் பெருமைப்பட அவ்வளவு இல்லை.

ஒரு நூல் அளவு

பறக்கக் கற்றுக்கொள்ளும் முன் உடம்புக்கு ஒரு பரீட்சை உண்டு. சென்னையில் ஒரு டாக்டரிடம் போனோம். அம்மாவும் கூட வந்தாள்.

காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்கள். வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே ஒளிந்திருந்த எண்ணைப் படிக்கச் சொன்னார்கள். ஒற்றைக் காலில் நிற்க வைத்தார்கள். நெஞ்சில் ஒயர் ஒட்டினார்கள். சின்ன வயதில் வந்த அம்மை வரை கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "பொண்ணு பாக்க வர்றவங்ககூட இவ்ளோ பாக்க மாட்டாங்கடி" என்றாள்.

எல்லாம் சரியாக இருந்தது. ரத்தம் மட்டும் குறைவு. "பாஸ்தான். ஆனா எல்லைக்கு மேல ஒரு நூல் அளவுதான் நிக்குது. நல்லா சாப்பிட வைங்கம்மா" என்றார் டாக்டர்.

அம்மா அதை ஒரு கட்டளையாக எடுத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து முருங்கைக்கீரை போட்ட கேப்பை அடை, ஞாயிறு என்றால் ஆட்டு ஈரல். ஒரே மாதத்தில் எங்கள் வீட்டு முருங்கை மொட்டையாகிவிட்டது. பிறகு பக்கத்து வீட்டு முருங்கையும்.

அப்புறம் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் வந்தது.

எண்ணெய் வைத்த தலைகள்

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு மாதா கோயிலிலிருந்து வந்ததும் அம்மா சொன்னாள்:

"மாதாகிட்ட நேர்ந்துக்கினேன். நீ தனியா பறக்குற வரைக்கும் இந்த வூட்ல எல்லாரும் ஒருசந்தி."

ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரே வேளைச் சோறு. எங்கள் ஊரில் அதை மத்தியானம் சாப்பிடுவார்கள். நான் விடியும் முன் கிளம்பி, திண்டிவனத்தில் புதுச்சேரி பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டு மாலையில் திரும்புகிறவள். அதனால் எங்கள் வீட்டுச் சோறு எனக்காகப் பொழுது சாயும்வரை காத்திருந்தது. மூன்று பேரும் சேர்ந்துதான் தின்போம். ஞாயிறுகளில் ஒருசந்தி கிடையாது. அன்று மூன்று வேளையும் உண்டு.

ஏன் மறுக்கவில்லை என்று இப்போது கேட்கிறார்கள். மறுக்கத் தோன்றவே இல்லை. தனியாகப் பறப்பதற்கு என் அம்மா தரக்கூடியது அது ஒன்றுதான். நானும் அதை நம்பினேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஒருசந்தி இருப்பதை வெளியே காட்டக் கூடாது. காட்டினால் பலன் போய்விடும். அதனால் அந்த நாட்களில் பெண்கள் வழக்கத்தைவிட அதிகமாகத் தேங்காய் எண்ணெய் வைத்துத் தலை வாருவார்கள். முகத்தை நன்றாகக் கழுவிக்கொள்வார்கள். எங்கள் தெரு தவக்காலத்தில்தான் பளபளவென்று இருக்கும். யார் அதிகம் மின்னுகிறார்களோ அவர்கள் அதிகம் பட்டினி.

தண்ணீர்க் குழாயடியில் "சாப்டாச்சா?" என்று ஒருத்தி கேட்பாள். "ஆச்சு" என்பாள் இன்னொருத்தி. இரண்டு பேர் வயிறும் காலியாக இருக்கும். அதை யாரும் பொய் என்று நினைத்ததில்லை.

அப்படி வளர்ந்தவளுக்கு "சாப்பிட்டேன் சார்" என்று சொல்ல நாக்கு கூசவில்லை.

முன்னால் ஒரு விமானம்

முதலில் சொன்ன அந்தக் காலையில் பாடம், ஓடுதளத்தைச் சுற்றி வந்து இறங்குவதும் மறுபடி ஏறுவதும்.

ஆயிரம் அடி உயரத்திலிருந்து பார்த்தால் எங்கள் பக்கத்து ஊர்கள் வெகு அழகு. வடக்கே பொம்மையார்பாளையம் கடற்கரை. மணலில் இழுத்துப் போட்ட படகுகள் மீன் காயப்போட்டது போலத் தெரியும். சவுக்குத் தோப்புகள், அப்புறம் செம்மண். வானம் தெளிவாக இருந்தால் வடமேற்கில் வெகு தூரத்தில் பெருமுக்கல் மலை சாம்பல் நிறத்தில் தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் அதைத் தேடுவேன். அதன் அடியில்தான் எங்கள் வீடு.

மூன்றாவது சுற்றில் மலையைத் தேடினேனா என்பது நினைவில்லை. உள்ளங்கை சில்லென்று இருந்தது. மேல் உதட்டில் வியர்வை. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து குரல் வந்தது: உங்களுக்கு முன்னால் இன்னொரு விமானம் இறங்குகிறது, நீங்கள் இரண்டாவது.

சொற்கள் ஒவ்வொன்றும் காதில் விழுந்தன. சேர்த்தால் என்ன அர்த்தம் என்பது மட்டும் எட்டவில்லை. சரி என்று பதில் சொன்னேன். சொல்லிவிட்டு ஓடுதளத்தை நோக்கித் திரும்பினேன்.

"எங்க போற?"

பக்கத்து இருக்கையிலிருந்து சலீம் சார் கேட்டதும் மண்டையில் ஏறாமல் திருப்பிக்கொண்டே இருந்தேன்.

"கைய எடு. வண்டி என்கிட்ட."

விமானம் சாய்ந்து விலகியது. அப்போதுதான் அதைப் பார்த்தேன். எங்களுக்குக் கீழே, நாங்கள் போக இருந்த வழியில், வெள்ளை இறக்கை. அதன் மேல் எழுதியிருந்த எழுத்துகளைப் படிக்க முடிகிற தூரம்.

தரையில் இறங்கி இன்ஜின் நின்றதும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"காது அடச்சிருக்கா?"

"இல்ல சார்."

"ஜொரம், சளி?"

"இல்ல சார்."

"நெஜமா சாப்டியா?"

"சாப்பிட்டேன் சார்."

பெருமூச்சு விட்டுவிட்டு என் கோப்பில் எழுதினார்: கவனம் போதவில்லை, சொன்னது மண்டையில் ஏறத் தாமதமாகிறது.

"அமலா, இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நீ இதுக்கு சரிப்படுவியான்னு ஆபீஸ்ல பேசிடுவேன். அப்பறம் என் கையில இல்ல."

மாலை வீட்டுக்கு வந்து, பயிற்சி சரியாகப் போகவில்லை என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்தபடி யோசித்தாள்.

"அப்ப நம்ம ஒருசந்தி பத்தல" என்றாள்.

அன்றிலிருந்து சோறு நின்று, அந்த ஒரு வேளையும் கேப்பைக் கூழ் ஆனது.

நான் சரி என்றேன். படித்தவள். பசியால் ரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் விமானிக்குக் கை சில்லிடும், கேட்டது புரியாது, தவறான முடிவெடுப்பார் என்று எங்கள் பாடப் புத்தகத்தில் ஓர் அத்தியாயமே இருந்தது. எழுத்துத் தேர்வில் அந்தக் கேள்விக்கு நான் முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

திங்கட்கிழமை அமலா

சலீம் சாருக்கு என்னைப் பற்றி ஒரு குழப்பம் இருந்தது.

"திங்கக்கெழம நீ வேற ஆளு. சூப்பரா ஓட்டுற. வியாழன் வெள்ளியில எவளோ ஒருத்தி உன் சட்டைய மாட்டிக்கினு வர்றா. வூட்ல ரெட்டப் புள்ளயா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமைச் சோற்றைப் பற்றி அவருக்கு எப்படித் தெரியும்?

தொடர்ந்து இரண்டு திங்கட்கிழமைகள் நன்றாகப் பறந்தேன். அதை நம்பி அவர் நாள் குறித்தார். "சனிக்கெழம ஓடுதளம் ஃப்ரீயா இருக்கும். காத்து நல்லாருந்தா ஒன்ன தனியா அனுப்பறேன்."

அது பெரிய வெள்ளிக்கு மறுநாள். எங்கள் வீட்டில் பெரிய வெள்ளியன்று கூழும் கிடையாது.

வேலிக்கு அந்தப் பக்கம்

சனிக்கிழமை காலை ஊரிலிருந்து ஒரு டெம்போ வந்தது. பதினோரு பேர். கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். அம்மா நீலப் புடவை, தலையில் எண்ணெய். அவள் பக்கத்தில் அப்பா. எதிர்வீட்டு ஆரோக்கியம் அத்தை எல்லோருக்கும் முன்னால்.

காற்று நன்றாக இருந்தது. விமானத்தை இருபது நிமிடம் சோதித்து முடித்தேன். நிமிர்ந்தபோது கண்ணுக்குள் சிறு சிறு கறுப்புப் பொட்டுகள் மிதந்தன. சலீம் சார் வந்தார்.

"தூங்குனியா?"

"தூங்கினேன் சார்."

"மாத்திரை?"

"இல்ல சார்."

"சாப்டியா?"

வாயைத் திறந்தேன். கண் வேலிப் பக்கம் போனது. அப்பா வலது காலிலிருந்து இடது காலுக்கு உடம்பை மாற்றிக்கொண்டிருந்தார். அவரால் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது.

நான் நான்காம் வகுப்பு படித்தபோது நடந்தது அது. குவாரியில் அப்பாவின் வேலை, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு பாறையின் முகத்தில் இறங்கித் துளை போடுவது. மேலே கயிறு பிடிப்பவர்கள் இறங்குகிறவனைப் பார்த்து "ஒடம்பு செரியாக்கீதா?" என்று கேட்பார்கள். இல்லை என்றால் வேறு ஆள் இறங்குவான். அன்று அப்பாவுக்குக் காய்ச்சல். வீட்டில் போர்வைக்குள் நடுங்கியவரை நானே பார்த்தேன். மேலே போய் "நல்லாக்கீதுப்பா" என்று சொல்லியிருக்கிறார். பாதிப் பாறையில் தலை சுற்றி, கால் வைக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டார். கயிறு உயிரைப் பிடித்துக்கொண்டது. கணுக்காலைப் பாறை எடுத்துக்கொண்டது.

எனக்குக் கயிறு பிடிக்க இன்றைக்கு யாரும் இல்லை. பக்கத்து இருக்கை காலி.

"அமலா, ஒன்னதான். சாப்டியா?"

"சாப்பிடல சார்."

"டைம் ஆயிடுச்சா? கேன்டீன்ல ஜல்தியா ரெண்டு..."

"இன்னிக்கு மட்டும் இல்ல சார். விபூதிப் புதன்லேர்ந்து."

அவர் முகம் மாறியது. "அப்ப, அன்னிக்கி? முன்னாடி வண்டி போய்க்கினு இருந்திச்சே, அன்னிக்கி?"

"அன்னிக்கும் சாப்பிடல சார்."

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். குரல் உயரவே இல்லை.

"நானும் செத்திருப்பேன் இல்ல? எனக்கு ஒரு வயசுல பொண்ணு இருக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நேர்ச்சையைப் பற்றிச் சொன்னேன்.

"எங்கள்ள முப்பது நாள் நோம்பு இருக்கு. பறக்குற அன்னிக்கி நான் நோம்பு வெக்க மாட்டேன். வுட்டத பின்னால எடுத்து வெச்சிடுவேன். ஒங்கள்ள அந்த மாதிரி எதனா உண்டா?"

"தெரியல சார்."

"கேட்டுக்கினு வா."

கோப்பைத் திறந்தார். மண்டையில் ஏறத் தாமதமாகிறது என்று எழுதியிருந்ததை ஒரு கோடு போட்டு அடித்தார். அதன் கீழே, பட்டினியோடு பறந்தாள், ஆறு வாரம் மறைத்தாள், தானே சொன்னாள் என்று எழுதினார். ஒரு வாரம் பறக்கத் தடை.

வேலிப் பக்கம் நடந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக நான் நடந்ததில்லை.

"இன்னாடி, ஏறல?" என்றாள் அம்மா.

"இன்னிக்கு இல்லம்மா. சாப்பிடலன்னு சார்கிட்ட சொல்லிட்டேன்."

"சொல்லிட்டியா?" அம்மா கம்பியை இறுக்கிப் பிடித்தாள். "நாப்பது நாளு இருந்தது மொத்தமும் பூடுச்சேடி! ஆச்சுன்னு ஒத்த வார்த்த சொல்லிட்டு ஏற வேண்டியதுதான?"

ஆரோக்கியம் அத்தை இடையில் புகுந்தாள். "ஏரோப்ளேனு காட்றன்னு இட்டாந்து கம்பி வேலிய காட்டிக்கினு இருக்கீங்களே, இது நல்லாக்கீதா?"

யாரும் சிரிக்கவில்லை.

டெம்போவில் நானும் அவர்களோடு திரும்பினேன். கிளியனூர் தாண்டியது. பிறகு அப்பா, ரோட்டைப் பார்த்துக்கொண்டே, அம்மாவிடம் சொன்னார்:

"கயித்துல எறங்கறதுக்கு முன்னாடி கேட்டாங்க. ஜொரம்னு சொல்ல எனக்கு வாய் வரல. இவளுக்கு வந்துச்சி. வுடு."

அம்மா அவர் காலைப் பார்த்தாள். திண்டிவனம் வரும்வரை வேறு எதையும் பார்க்கவில்லை.

ஏழு இட்லி

ஈஸ்டர் முடிந்து அந்த வாரமும் போனது. கோயிலில் பங்குச் சாமியாரைக் கேட்டேன். உடம்பை வருத்தி வேலை செய்கிறவர்களுக்கும் நோயாளிகளுக்கும் ஒருசந்தியிலிருந்து விலக்கு உண்டாம். எப்போதும் உண்டாம். கேட்கிறவர்கள்தான் யாரும் இல்லையாம்.

அடுத்த முறை நாள் குறித்தபோது ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. அம்மா மட்டும் என்னோடு முதல் பஸ்ஸில் ஏறினாள். மடியில் ஒரு டிபன் டப்பா.

வேலியோரம் வேப்ப மரத்தடியில் உட்கார வைத்தாள். மூடியைத் திறந்தாள். இட்லியும் மல்லாட்டைச் சட்னியும்.

"துன்னு. அந்த சாரு பாக்கற மாதிரி துன்னு."

சட்டையில் சட்னி சிந்தாமல் தின்று, கை கழுவி, உள்ளே போனேன். சலீம் சார் வந்தார். முதல் இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொன்னேன். மூன்றாவதை அவர் கேட்டதும், நான் வாயைத் திறப்பதற்குள் வேலிப் பக்கமிருந்து குரல் வந்தது.

"ஏழு இட்லி சார்!"

"ஏழா?" என்றார் அவர். "வண்டி ஏறணும்மா."

ஏழு இல்லை. ஐந்து.

இரண்டு சுற்று என்னோடு வந்தார். பிறகு இறங்கி, காலியான இருக்கையின் பெல்ட்டைத் தானே பூட்டினார். கதவைச் சாத்தி, இறக்கையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நடந்து போனார்.

அவர் எடை இல்லாததால் விமானம் நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் தரையை விட்டது. கோபுரத்தின் குரல் வந்தது. ஒவ்வொரு சொல்லும் அர்த்தத்தோடு வந்தது. திரும்பும்போது வடமேற்கில் பெருமுக்கல் தெரிந்தது. சாம்பல் நிறத்தில், சின்னதாக. "அதோ வூடு" என்று சத்தமாகவே சொன்னேன். கேட்க யாரும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பயம் வரவில்லை. வயிறு நிறைந்திருந்தது.

சக்கரம் ஒருமுறை துள்ளி, பிறகு உட்கார்ந்தது.

சலீம் சார் கை குலுக்கினார். நான் வேலிக்கு ஓடினேன். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். வெயிலில் நின்றதில் முகம் வாடியிருந்தது.

"நீ சாப்டியாம்மா?"

"ஆச்சு" என்றாள்.

பஸ் நிலையத்துக் குழாயில் அவள் முகம் கழுவியது நினைவுக்கு வந்தது. தலையில் வைத்த எண்ணெய் நெற்றி ஓரத்தில் இறங்கி மின்னியது. ஈஸ்டர் அன்று ஊரே பிரியாணி தின்றபோது, அடுப்படியில் வேலை இருக்கிறது என்று அவள் உட்காராமலே இருந்ததும் நினைவுக்கு வந்தது. நான் தனியாகப் பறக்கும்வரை என்றுதானே நேர்ந்திருந்தாள்.

கீழே கிடந்த டப்பாவை எடுக்கச் சொல்லி, கம்பிக்கு இடையே கையை விட்டு மூடியைத் திறந்தேன். மீதி இரண்டு இட்லி இருந்தது. ஒன்றைப் பிட்டு நீட்டினேன்.

"தனியா பறந்தாச்சும்மா. துன்னு."

அவள் ஓடுதளத்தை ஒருமுறை பார்த்தாள். விமானத்தில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பது போல. பிறகு சிலுவை போட்டுக்கொண்டு வாயைத் திறந்தாள்.